கடனைப் பாடும் குரல்: முதிய பாப் டிலனை ஏன் கேட்க வேண்டும்?

(மாணவர் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாப் டிலன் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஓர் ஒளிப்படம்தான் நினைவுக்கு வரும். ஒல்லியான உடம்பு, கலைந்த தலை, கழுத்தில் மாட்டிய மவுத்ஆர்கன், கையில் கிட்டார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே மேடையில் பாடிய 22 வயது இளைஞர். நம் டீ-ஷர்ட்டுகளில் இருப்பவர் அவர்தான். நம் போராட்டப் பாடல் பட்டியல்களில் இருப்பவரும் அவர்தான். அதற்குப் பிறகு 60 ஆண்டுகளாக அந்த மனிதர் பாடிக்கொண்டேயிருக்கிறார் என்பது நமக்குப் பெரிதாகப் படுவதில்லை. "1965இல் மின்சாரக் கிட்டாரை எடுத்தார், இயக்கத்தை விட்டுப் போனார், அதோடு சரி" என்று ஒரே மூச்சில் கதையை முடித்துவிடுகிறோம்.

இன்று நான் பேச வந்தது அந்த "அதோடு சரி"க்குப் பிந்தைய டிலனைப் பற்றி. குறிப்பாக, 50 வயதைத் தாண்டிய பிறகு அவர் செய்த வேலைகளைப் பற்றி. என் வாதம் எளிமையானது. இளைய டிலன் கறுப்பின மக்களுக்காகப் பாடினார். முதிய டிலன் அவர்களிடம் தான் பட்ட கடனைப் பாடுகிறார். சாதி ஒழிப்பைப் பற்றி யோசிக்கிற நமக்கு முதலாவதைவிட இரண்டாவதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. அந்தக் கடனை அவர் அடைத்தாரா என்பது தனிக் கேள்வி. அதையும் விடப்போவதில்லை.

முதலில் இளைய டிலனுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். 1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகர ஹோட்டல் ஒன்றில் ஹேட்டி கேரல் என்ற 51 வயது கறுப்பினப் பணிப்பெண்ணை, கேட்ட மது வரத் தாமதமானதென்று ஒரு வெள்ளைப் பண்ணையார் கைத்தடியால் அடித்தார். சில மணி நேரத்தில் அந்த அம்மா இறந்துபோனார். அடித்தவருக்குக் கிடைத்த தண்டனை 6 மாதம். அந்தத் தண்டனை அறிவிக்கப்பட்டதும் அதே ஆகஸ்ட் 28தான். டிலன் இதைப் பாடலாக்கினார். நாம் அழ வேண்டிய இடம் கொலை அல்ல, அந்தத் தீர்ப்புதான் என்று அந்தப் பாடல் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. வெண்மணித் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு இந்தக் கோணத்தை விளக்க வேண்டியதில்லை.

வாஷிங்டன் மேடையில் அவர் பாடிய பாடல்களில் ஒன்று, மிசிசிப்பியில் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸைப் பற்றியது. துப்பாக்கி பிடித்த ஏழை வெள்ளையனைவிட, அவனை ஏவிவிடும் அரசியல்வாதிகள் மீதும் அந்த ஏற்பாட்டின் மீதும்தான் அந்தப் பாடல் விரலை நீட்டுகிறது. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பையே கூலியாகக் கொடுத்து ஏழையை வேலை வாங்குகிற ஏற்பாடு அது. அம்பேத்கரின் "படிநிலைச் சமத்துவமின்மை" வழியாக நமக்கு நன்றாகத் தெரிந்த ஏற்பாடு.

ஆக, அவை சாதாரணப் பாடல்கள் அல்ல. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். இந்தப் பாடல்களில் கறுப்பின மனிதர் எப்போதும் இறந்துகிடக்கிறார். பேசுகிறவர், அலசுகிறவர், நீதி கேட்கிறவர் எல்லாம் வெள்ளை இளைஞர். அந்த இளைஞரின் கையிலிருந்த இசை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. உலகமே பாடிய அவருடைய காற்றுப் பாடலின் மெட்டு, ஏலச் சந்தையிலிருந்து தப்பிய அடிமைகளின் ஆன்மிகப் பாடல் ஒன்றிலிருந்து வந்தது. இதை டிலனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர்களுக்காகப் பாடிய குரலுக்கு மெட்டுக் கொடுத்ததே அவர்கள்தான்.

இந்த உண்மை டிலனைப் பிடித்துக்கொள்ள 20 ஆண்டுகள் ஆயின. 1983இல் அவர் ஒரு பாடலைப் பதிவு செய்தார். அதன் பெயர் "ப்ளைண்ட் வில்லி மெக்டெல்". ஜார்ஜியாவில் பிறந்து, 1920களிலிருந்து ப்ளூஸ் பாடிப் பதிவு செய்து, 1959இல் பெரிய கவனம் எதுவும் இல்லாமல் இறந்துபோன பார்வையற்ற கறுப்பினப் பாடகர் அவர். டிலனின் பாடல் அடிமைக் கப்பல்களையும் எரியும் தோட்டங்களையும் சாட்டைச் சத்தத்தையும் கடந்து போகிறது. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அது போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்: இந்த வரலாற்றைப் பாடும் தகுதி அந்த மனிதருக்கு இருந்தது. இங்கே டிலன் நீதி கேட்கிறவராக வரவில்லை. ஜன்னலோரம் நின்று, தன்னைவிடப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்கிறவராக வருகிறார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாடலை அவர் அந்த ஆல்பத்தில் சேர்க்கவில்லை. 1991இல்தான் முறையாக வெளிவந்தது. இன்று அவருடைய ஆகச்சிறந்த பாடல்களில் ஒன்றாக அதைப் பலர் சொல்கிறார்கள்.

1992, 1993 இரண்டு ஆண்டுகளிலும் டிலன் சொந்தப் பாடல் ஒன்றுகூட இல்லாத இரண்டு ஆல்பங்களை வெளியிட்டார். ஒற்றைக் கிட்டார், பழைய நாட்டார் பாடல்கள், ப்ளூஸ் பாடல்கள். "வேர்ல்ட் கான் ராங்" என்ற இரண்டாவது ஆல்பத்தின் உறையில், ஒவ்வொரு பாடலும் தனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தானே எழுதினார். மெக்டெல் பெயர் அங்கே இருக்கிறது. மிசிசிப்பி ஷீக்ஸ் என்ற கறுப்பினக் குழுவின் பெயர் இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய ஒரு நட்சத்திரம் மறுபடி பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி. 1997இல் தொடங்கி, அவருடைய பிற்கால ஆல்பங்கள் எல்லாம் இந்தப் படிப்பிலிருந்து முளைத்தவை.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் முதிய டிலனைக் கேட்காமல் விடுவதற்குக் காரணம் அந்தக் குரல்தான். சரளைக்கல் மீது வண்டி போவது போன்ற குரல். ஆனால் நம் ஊரில் 70 வயதுப் பாட்டி ஒப்பாரி வைக்கும்போது யாரும் சுருதி பார்ப்பதில்லை. உடைந்த குரலில்தான் சில விஷயங்களைச் சொல்ல முடியும் என்பது நமக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2001 செப்டம்பர் 11, ஆம், அதே நாளில், டிலனின் ஓர் ஆல்பம் வெளியானது. "லவ் அண்ட் தெஃப்ட்". தமிழில் "காதலும் களவும்" என்று சொல்லலாம். அகப்பொருளில் களவு என்றாலே காதல். அன்றாடப் பேச்சில் களவு என்றால் திருட்டு. ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் தேவைப்படுகிற இடத்தில் நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது. இந்தத் தலைப்பு டிலனுடையது அல்ல. அவர் அதை மேற்கோள் குறிகளுக்குள்தான் போட்டிருக்கிறார். எரிக் லாட் என்ற ஆய்வாளர் 1993இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பு அது.

அந்தப் புத்தகம் எதைப் பற்றியது? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைப் போல ஆடிப்பாடிக் கேலி செய்கிற "மின்ஸ்ட்ரல்" நிகழ்ச்சிகளைப் பற்றியது. அதில் வந்த "ஜிம் குரோ" என்ற கோமாளிப் பாத்திரத்தின் பெயர்தான் பின்னால் இன ஒதுக்கல் சட்டங்களுக்கே பெயரானது. அந்த நிகழ்ச்சிகளில் வெறுப்பு மட்டும் இல்லை, ஈர்ப்பும் இருந்தது என்கிறார் லாட். அந்த இசையின் மீது ஆசை. அந்த உடம்பின் மீது இளக்காரம். அமெரிக்க வெகுமக்கள் கலையின் அடித்தளத்திலேயே இந்த இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. இந்தத் தலைப்பை எடுத்துத் தன் ஆல்பத்துக்குச் சூட்டும்போது, டிலன் அந்தக் குற்றப்பத்திரிகையில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்த ஆல்பத்தில் வெள்ளத்தைப் பற்றி ஒரு பாடல் உண்டு. "ஹை வாட்டர்". சார்லி பேட்டனுக்கு என்று அடைப்புக்குறிக்குள் காணிக்கை ஆக்கியிருக்கிறார். 1927இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்து 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். கிரீன்வில் நகரில் வெள்ளையர்களை ஏற்றிக்கொண்டு படகுகள் போயின. கறுப்பினக் குத்தகை விவசாயிகள் போய்விட்டால் பருத்தி வயலுக்கு ஆள் கிடைக்காது என்று பண்ணையார்கள் அவர்களை அனுப்ப மறுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆற்றங்கரை மேட்டிலேயே நிறுத்தப்பட்டு, துப்பாக்கிக் காவலில் வேலை வாங்கப்பட்டார்கள். தண்ணீருக்கு நிறம் தெரியாது, முகாமுக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தலித் மக்களுக்கு முகாம்களில் என்ன நடந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. அந்த 1927 வெள்ளத்தை 1929இல் பாடிப் பதிவு செய்தவர் சார்லி பேட்டன். போக்கிடம் மறிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பாடினார். டிலன் அதைத் திரும்பப் பாடவில்லை. அவருடைய பெயரைச் சொல்லி, அவருடைய வெள்ளத்துக்குள் நம்மை இறக்கிவிடுகிறார்.

2006இலிருந்து 3 ஆண்டுகள் அவர் ஒரு வானொலி நிகழ்ச்சியும் நடத்தினார். ஏறத்தாழ 100 நிகழ்ச்சிகள். வானிலை, அம்மா, சிறை என்று வாரம் ஒரு தலைப்பு. மறந்துபோன பாடகர்களின் இசைத்தட்டுகளைப் போட்டு, அவர்கள் யார், எந்த ஊர், என்ன வேலை பார்த்தார்கள் என்று கதை சொல்வார். 2017இல் நோபல் உரை நிகழ்த்தியபோதும், தன் வாழ்க்கையைத் திருப்பியது லெட்பெல்லியின் ஓர் இசைத்தட்டு என்றார். லெட்பெல்லி லூசியானாச் சிறையில் அடைபட்டிருந்த கறுப்பினப் பாடகர். இலக்கியத்துக்கான உலகின் மிகப் பெரிய மேடையில் முதலில் எழுந்த பெயர்களில் அதுவும் ஒன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, கணக்குப் புத்தகத்தின் மறுபக்கத்தையும் திருப்ப வேண்டும். அதே 2006இல் வந்த ஆல்பம் "மாடர்ன் டைம்ஸ்". அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் கரையுடைப்பைப் பற்றி ஒரு பாடல் இருக்கிறது. அதன் மூலம், 1929இல் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்த பாடல். இன்னொரு பாடல், மடி வாட்டர்ஸ் வழியாகப் புகழ்பெற்ற, அவருக்கும் முன்பே 1929இல் ஹேம்போன் வில்லி நியூபர்ன் பதிவு செய்த ப்ளூஸ். ஆல்பத்தின் உறையில் என்ன போட்டிருந்தது? எல்லாப் பாடல்களும் பாப் டிலன் இயற்றியவை. மின்னியின் அதே பாடலை 1971இல் லெட் செப்பெலின் குழு எடுத்துப் பாடியபோது, மின்னியின் பெயரையாவது இயற்றியவர்களோடு சேர்த்துப் போட்டது. மின்னி 1973இல் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வறுமையில் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 1996இல். "மாடர்ன் டைம்ஸ்" ஆல்பத்தில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கவிஞரான ஹென்றி டிம்ராடின் சொற்களும் பெயர் சொல்லாமல் கலந்திருப்பதை அந்த ஆண்டே கேட்பவர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டு தரப்பின் பெட்டியிலிருந்தும் எடுத்திருக்கிறார்.

டிலன் இதற்குச் சொல்லும் பதில், நாட்டார் இசையிலும் ஜாஸிலும் எடுத்தாள்வது மரபு என்பது. அதில் உண்மை இருக்கிறது. பேட்டனும் எடுத்தார், மின்னியும் எடுத்தார், மெக்டெல்லும் எடுத்தார். ப்ளூஸ் ஊர்ப் பொதுக் கிணறு போல, யாரும் இறைக்கலாம். ஆனால் கேள்வி இறைத்ததைப் பற்றியது அல்ல, பட்டாவைப் பற்றியது. எல்லோரும் புழங்கிய பொது நிலத்தில், எழுதப் படிக்கவும் வக்கீல் வைக்கவும் முடிந்தவர் பெயரில் மட்டும் பட்டா எழுதப்பட்டால், அதற்குப் பெயர் மரபா? பஞ்சமி நிலத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த நாம் அப்படிச் சொல்ல முடியாது. லெட்பெல்லி பாடிப் புகழ்பெற்ற "குட்நைட் ஐரீன்" பாடலில், அதைப் பதிவு செய்யப் போன ஜான் லோமாக்ஸின் பெயரும் இயற்றியவராகச் சேர்ந்துகொண்டது. லெட்பெல்லி 1949 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு ஒரு வெள்ளைக் குழு பாடி அந்தப் பாடல் நாடெங்கும் முதலிடத்துக்குப் போனது.

இந்தக் காதலும் களவும் உச்சத்தில் ஒன்றாக நிற்கும் இடம், 2020இல் வந்த "ரஃப் அண்ட் ரவுடி வேஸ்" ஆல்பம். டிலனுக்கு அப்போது 79 வயது.

அந்த ஆண்டு மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டை ஒரு காவலர் கழுத்தில் முழங்காலை ஊன்றிக் கொன்றார். மினசோட்டா டிலனின் சொந்த மாநிலம். அவர் பிறந்த டுலூத் நகரில், அதற்கு ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பு, 1920 ஜூன் 15 அன்று, எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ என்ற மூன்று கறுப்பின சர்க்கஸ் தொழிலாளர்களைச் சிறையிலிருந்து இழுத்து வந்து விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டது ஒரு கும்பல். பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் அஞ்சலட்டையாக விற்றது. டிலனின் தந்தை அப்போது அந்த நகரத்தில் சிறுவன். ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட சில நாட்களில் வந்த நேர்காணலில், அந்தக் காட்சி தன் வயிற்றைக் கலக்கியது என்ற பொருளில் டிலன் பேசினார். ஆனால் ஃப்ளாய்டுக்காக ஹேட்டி கேரல் பாடல் போல ஒன்றை அவர் எழுதவில்லை. பலருக்கு அது ஏமாற்றம்.

நான் ஏமாறவில்லை. ஏனென்றால் அந்த ஆல்பத்தின் கடைசியில் கிட்டத்தட்ட 17 நிமிடம் ஓடும் ஒரு பாடல் இருக்கிறது. "மர்டர் மோஸ்ட் ஃபௌல்". 1963இல் கென்னடி கொல்லப்பட்டதைப் பற்றியது. பாதிக்கு மேல் பாடல் திசை மாறி, வானொலி அறிவிப்பாளர் ஒருவரிடம் "இதைப் போடு, அதைப் போடு" என்று பாடல்களைக் கேட்கத் தொடங்குகிறது. ஜான் லீ ஹூக்கர், சார்லி பார்க்கர், தெலோனியஸ் மங்க், எட்டா ஜேம்ஸ் என்று பெயர்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. எல்லோரும் கறுப்பினத்தவர் அல்ல, ஆனால் பட்டியலின் முதுகெலும்பு அவர்கள். நாட்டுத் தலைவனின் பிணத்தைச் சுற்றி நின்று ஒரு கிழவர் ஒப்பாரி வைக்கிறார். அந்த ஒப்பாரியில் அழைக்கப்படுகிறவர்கள் இசைக்கலைஞர்கள். ஒரு நாடு அழிகிறபோது அதில் காப்பாற்ற எது மிச்சமிருக்கிறது என்று கேட்டால், இந்தப் பெயர்கள்தான் என்கிறது பாடல். 1963இல் கறுப்பின மனிதர் அவருடைய பாடலில் பிணமாக இருந்தார். 2020இல் அவர்தான் அந்த நாட்டின் உயிர். இந்த இடமாற்றத்துக்கு 57 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அதே ஆல்பத்தில் ஜிம்மி ரீட் என்ற மிசிசிப்பி ப்ளூஸ் பாடகருக்கு விடைகொடுக்கும் பாடல் இருக்கிறது. அதே ஆல்பத்தில் "ஃபால்ஸ் ப்ராஃபெட்" என்ற பாடலும் இருக்கிறது. அதன் இசை, பில்லி "தி கிட்" எமர்சன் என்ற கறுப்பினக் கலைஞர் 1954இல் சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த பாடலிலிருந்து அப்படியே வருகிறது. இயற்றியவர் என்ற இடத்தில் டிலன் பெயர் மட்டும். எமர்சன் அப்போது உயிரோடு இருந்தார். 94 வயது. செத்தவருக்குக் காணிக்கை, உயிரோடு இருப்பவருக்குப் பெயர்கூட இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் டிலன் தன் 600க்கும் மேற்பட்ட பாடல்களின் உரிமையை யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். 30 கோடி டாலருக்கும் மேல் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன.

அப்படியானால் டிலனைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். எறிந்துவிட்டால் பேட்டனுக்கும் மெக்டெல்லுக்கும் போகிற ஒரு வழியையும் சேர்த்து எறிந்துவிடுவோம். கும்பிடவும் வேண்டாம். கும்பிட்டால் எமர்சனை மறக்க வேண்டியிருக்கும். ரசனை என்பது கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் செய்கிற காரியம் அல்ல. முதிய டிலனின் பெருமை, அவரே அந்தப் புத்தகத்தைத் திறந்து நம் கையில் கொடுத்தது. அவருடைய குறை, தன் பக்கத்தில் வரவு வைத்ததைக் கழிக்காமல் விட்டது. பாட்டில் ஒப்புக்கொண்ட கடனைப் பத்திரத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.

இது நமக்கு வெளியே நடக்கிற கதையும் அல்ல. சதிர் எப்படிப் பரதநாட்டியமானது, அதை உயிரோடு வைத்திருந்த சமூகத்துப் பெண்கள் எப்படி மேடையிலிருந்து இறக்கப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆடியவர்கள் அந்தக் கலையை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நேசித்துக்கொண்டேதான் எடுத்துக்கொண்டார்கள். இன்று பறையும் கானாவும் திரைப்படத்துக்கும் கல்லூரி விழாவுக்கும் வந்துவிட்டன. மகிழ்ச்சிதான். அடித்துக் காட்டியவருக்கு, மெட்டுச் சொன்னவருக்கு, உரிமைத் தொகையில் பங்கு போகிறதா என்று கேட்பதும் அந்த மகிழ்ச்சியின் பகுதியாக இருக்க வேண்டும். ஆய்வாளர்களான எங்களுக்கும் இது பொருந்தும். ஊர் ஊராகப் போய்ப் பாடல் சேகரிக்கிறோம், பட்டம் வாங்குகிறோம். நன்றியுரைப் பக்கத்தில் பெயர் போடுவதும் நூலின் உரிமையில் பங்கு கொடுப்பதும் ஒன்றல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதிய டிலனைக் கேளுங்கள், ஆனால் தனியாகக் கேட்காதீர்கள். "ஹை வாட்டர்" கேட்டால் கையோடு சார்லி பேட்டனின் வெள்ளப் பாட்டையும் கேளுங்கள். "மாடர்ன் டைம்ஸ்" கேட்டால் மெம்ஃபிஸ் மின்னியைக் கேளுங்கள். "ஃபால்ஸ் ப்ராஃபெட்" கேட்டால் பில்லி எமர்சனைத் தேடிப் போடுங்கள். சில நிமிடங்கள்தான் ஓடும். கேட்டு முடித்ததும், அந்தப் பாடலை இயற்றியவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.